பேச்சியம்மாள் கண்ணுக்குச் சேர்த்த பணம்

"போலீசைக் கூப்பிடுங்க!"

கத்தியது நான்தான். முகத்தில் அரிதாரம் பாதி கலைந்திருந்தது. முந்தானையில் நாடக ரத்தம் இன்னும் காயவில்லை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் கலையரங்கம், மேடைக்குப் பின்னால் இருந்த மேக்கப் அறை. என் முன்னால் மேஜைமேல் வசூல் பெட்டி வாயைத் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பைசா இல்லை.

அறைக்குள் வந்து நின்றவர்கள் பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

"போலீசெல்லாம் வேண்டாம்மா," என்றார் தர்மலிங்கம். மில் ஆபீசில் ஹெட் கிளார்க், நாடகக் குழுவுக்குச் செயலாளர். அன்றைய நாடகத்தில் இன்ஸ்பெக்டர் வேஷம். காக்கி உடுப்பை இன்னும் கழற்றியிருக்கவில்லை. "பொம்பளப் பிள்ள. என்ன கஷ்டமோ, என்னமோ. விஷயம் வெளியே போனா யாருக்கு அசிங்கம்?"

"யாரச் சொல்லுதிய? பூட்டு உடையலியே! சாவி ஒங்ககிட்டத்தான இருந்துச்சு?"

"பூட்டிட்டுச் சாவிய என் சட்டைப் பையில போட்டேன். சட்டை ஒன் ரூம் ஆணியிலதாம்மா தொங்குது. நான் யாரையும் சொல்லலயே, கமலா."

யாரையும் சொல்லவில்லையாம். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை.

என் மேக்கப் பெட்டியை அவர்களே கவிழ்த்தார்கள். பவுடர் டப்பா, சீப்பு, மகளுக்கு வாங்கி வைத்திருந்த காராச்சேவுப் பொட்டலம். சவுரி முடியைக்கூட ஒருத்தன் பிரித்து உதறினான். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததும் எனக்கு எதிராகவே போயிற்று. "யார்ட்டயோ குடுத்து விட்டிருப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

இந்தப் பத்திரிகைத் தொடரில் போன வாரம் வரைக்கும் சிரிக்கச் சிரிக்க எழுதிவந்தேன். இந்த வாரம் சிரிப்பு வராது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்குச் சேர்த்தோம்

பேச்சியம்மாள் அந்த மில்லில் வேலை பார்த்த பெண். வ. புதுப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கல்யாணம் ஆகவில்லை. ஒருநாள் அவளுடைய பின்னல் மெஷினில் சிக்கி, தலைத்தோலையும் நெற்றியையும் சேர்த்து இழுத்துவிட்டது. 'தொப்பி போடாதது அவள் தப்பு' என்று மில் சொல்லிவிட்டது. கைச்செலவுக்கு ஏதோ கொடுத்தார்கள்.

மதுரையில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் காயம் ஆறும்போது இடது கண்ணின் மேல் இமையை இழுத்துக்கொண்டது. தூங்கும்போதும் அந்தக் கண் மூடாது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும், தள்ளிப்போட்டால் கண் காய்ந்து பார்வை போய்விடும் என்றார் டாக்டர். அதற்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டியிருந்தது.

அதற்காகத்தான் அந்த நாடகம். டிக்கெட்டை மில் பெண்களே வீடு வீடாகப் போய் விற்றார்கள். எவ்வளவு சேர்ந்தது என்று எழுதமாட்டேன். இன்றைக்குக் கேட்டால் இவ்வளவுதானா என்பீர்கள். அன்றைக்கு அது ஒரு கண்ணின் விலை.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தேன். எந்தக் குழுவிலும் உறுப்பினர் கிடையாது. மில் குழு, வாலிபர் சங்கம், கோயில் கொடை, எங்கே பெண் வேஷம் வேண்டுமோ அங்கே கூப்பிடுவார்கள். ஒத்திகைக்கு இரண்டு தடவை போவேன், மூன்றாவது மேடைதான். புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு என்னையும் என் மகளையும் காப்பாற்றியது அந்தத் தகர மேக்கப் பெட்டி. இந்த நாடகத்துக்கு நான் சம்பளம் வாங்கவில்லை. பஸ் சார்ஜ்கூட என்னுடையது.

திருடன் வேஷம் யாருக்கு

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எத்தனையோ மில் நாடகங்களில் நடித்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர், ஜட்ஜ், கலெக்டர், சத்தியம் தவறாத அப்பா, இதெல்லாம் ஆபீஸ்காரர்களுக்கு. திருடன், குடிகாரன், காட்டிக்கொடுக்கிறவன் எல்லாம் மெஷின் பக்கம் நிற்கிறவர்களுக்கு. யாரும் உத்தரவு போட்டதில்லை. தானாகவே அப்படித்தான் அமையும்.

அந்தக் காலத்து நாடகக் கதைகளும் அதற்குத் தோதாகத்தான் இருக்கும். இந்தக் கதையில் ஒரு கேஷியர், தங்கச்சி கல்யாணத்துக்காகக் கம்பெனிப் பணத்தைச் சூட்கேஸில் அள்ளிக்கொண்டு வருகிறான். அந்தப் பணம் வீட்டுக்குள் வந்ததும் ஒவ்வொன்றாகக் கெட்டது நடக்கிறது. கடைசியில் அவன் பெண்சாதியே சூட்கேஸை இன்ஸ்பெக்டர் காலடியில் வைக்கிறாள். தடுக்க வந்த புருஷன் தள்ளிவிட, அவள் மண்டை உடைந்து ரத்தம். அந்தப் பெண்சாதி நான்.

ரத்தம் என்னுடைய சொந்தத் தயாரிப்பு. குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்து வைத்துக்கொள்வேன். மேடை விளக்கில் அசல் ரத்தமே தோற்றுப்போகும். துணியில் பட்டால் எத்தனை துவைத்தாலும் போகாது.

அன்றைக்குத் திரை விழுந்த பிறகும் ஜனம் எழுந்திருக்கவில்லை. பெண்கள் பலர் அழுதார்கள். நல்ல நடிப்பென்றால் மேடைக்கு வந்து நடிகரின் சட்டையிலோ சேலையிலோ ரூபாய் நோட்டைக் குத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். ஊக்கும் அவர்களே கொண்டுவருவார்கள். அன்று என் முந்தானை தெரியாத அளவுக்குக் குத்தினார்கள். எல்லாம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். நோட்டிலெல்லாம் என் குங்கும ரத்தம் ஒட்டிக்கொண்டது.

"இதுவும் பேச்சியம்மாளுக்குத்தான்" என்று மைக்கில் சொன்னேன். எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தர்மலிங்கம் வாங்கிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பெட்டியை மேக்கப் அறையில் வைக்கச் சொன்னவரும் அவர்தான். பொம்பளை இருக்கிற அறை, எவனும் நுழையமாட்டான் என்றார்.

நான் குழாயடிக்கு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் பெட்டி திறந்து கிடக்கிறது.

பேச்சு என்னை முந்திக்கொண்டது

மறுநாள் காலையில் நான் பால் வாங்கப் போவதற்குள் பேச்சு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிட்டது. பால்காரர் என் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினார். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள்.

"அம்மா, கள்ளின்னா திருடியா?"

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. சொல்லாதவர் யார் என்று கேட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

போலீஸ் விசாரித்திருந்தால் ஒரு முடிவு வந்திருக்கும். தர்மலிங்கம் போலீசுக்குப் போகவே இல்லை. 'ஒரு விதவைப் பெண்ணை ஸ்டேஷன் ஏற்றக்கூடாது' என்று பெருந்தன்மை காட்டினார். ஊரே அவரை மெச்சியது. அந்தப் பெருந்தன்மைதான் என் கழுத்தில் தொங்கிய பலகை. விசாரணையில்லாமல் எனக்குத் தண்டனை கொடுத்த மனிதரை நல்லவர் என்றார்கள்.

பேசி வைத்திருந்த இரண்டு நாடகங்களும் கைவிட்டுப் போயின. வீட்டுச் சொந்தக்காரர் வேறு இடம் பார்க்கச் சொன்னார்.

என்னோடு வழக்கம்போல் பேசியவர் காதர் அண்ணன் ஒருத்தர். ராஜபாளையத்தில் மைக் செட்டும் சீன் திரைகளும் வாடகைக்கு விடுகிறவர். நாடகக்காரர்கள் எல்லாருக்கும் அவர் அண்ணன். பழைய நாடகம் ஒன்றுக்கு எனக்குத் தரவேண்டிய சம்பளம் அவரிடம் இருந்தது. ஒரு மாதம் போல ஆகியிருக்கும், வந்து வாங்கிக்கொள் என்று ஆள் விட்டார்.

கறை

கடையில் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கல்லாவிலிருந்து ஒரு கட்டு சில்லறை நோட்டை எடுத்து நீட்டினார். எல்லாம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்.

வாங்கியதும் எனக்கு மூக்கில்தான் முதலில் பட்டது. விளக்கெண்ணெய்.

மேல்நோட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். ஊக்குக் குத்திய இரண்டு ஓட்டை. ஓரத்தில் காய்ந்த குங்குமம். அடுத்த நோட்டிலும் ஓட்டை. அதற்கடுத்ததிலும்.

"அண்ணே, இது யாரு குடுத்தது?"

"தர்மலிங்கம் சாருதான். நாடகத்துக்கு மைக் செட் வாடகை பாக்கி இருந்துச்சுல்ல. நேத்து குடுத்தாரு. ஏம்மா?"

நான் நோட்டுகளை அவர் முன்னால் வரிசையாகப் பரப்பினேன். அன்றைக்கு மேடைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். நான் ஊக்கைக் கழற்றியதைப் பார்த்தவர். குனிந்து பார்த்தார். பிறகு திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கடைக் கதவை இழுத்துப் பூட்டினார்.

"வாம்மா, போவோம்."

கறை பட்ட நோட்டைப் பெரிய இடத்தில் நீட்டத் தர்மலிங்கத்துக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. மைக் செட்டுக்காரரிடம் நீட்டலாம் என்று நினைத்துவிட்டார். எங்களைப் போன்றவர்கள் நோட்டை எண்ணுவோமே தவிர பார்க்கமாட்டோம் என்று நினைப்பு.

முத்துலட்சுமி

தர்மலிங்கம் வீட்டுக் கதவைத் திறந்தது அவருடைய சம்சாரம் முத்துலட்சுமி. தர்மலிங்கம் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காதர் அண்ணன் நோட்டுகளை அவர் மடியில் வைத்தார்.

"இது வேற பணம்," என்றார் தர்மலிங்கம்.

"வேற பணத்துல என் ரத்தம் எப்படி வந்துச்சு?" என்றேன்.

அவர் முகத்திலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கிப் போனதைப் பார்த்தேன். பெங்களூர்ப் பக்கம் ஒரு காலேஜில் மகனுக்கு இஞ்சினியர் சீட். கட்ட வேண்டிய நன்கொடைக்குக் கடைசித் தவணை குறைந்திருக்கிறது. "ரெண்டு மாசத்துல திருப்பி வச்சிரலாம்னு நெனச்சேன் கமலா. பையன் வாழ்க்கை."

எப்படி எடுத்துப் போனார் தெரியுமா? நாடகத்தில் திருட்டுப் பணத்துக்கு வைத்திருந்த சூட்கேஸ் அவர் வீட்டுச் சாமான். அதிலேயே போட்டு, எல்லார் கண்முன்னாலும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். என் சவுரியை உதறிப் பார்த்தவன்தான் கயிறு கட்ட உதவி செய்தானாம்.

"அந்தப் பிள்ளைக்குக் கண்ணு போகும்னு டாக்டர் சொன்னது ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் கையை ஓங்கினேன். காதர் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

முத்துலட்சுமி அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்று அந்த முகத்தைப் பார்த்த யாரும் சத்தியம் பண்ணுவார்கள். சமையலறைக்குப் போய்க் கையில் எண்ணெய் தடவி, இரண்டு வளையலையும் உருவிக்கொண்டு வந்து காதர் அண்ணன் கையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, இத வித்துட்டு இப்பவே மதுரைக்குப் போங்க."

புருஷனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மதுரையில்

நானும் காதர் அண்ணனும் அன்றைக்கே பஸ் ஏறினோம். பேச்சியம்மாள் கட்டிலில் சுவரோரம் திரும்பிப் படுத்திருந்தாள். தலையில் கட்டு. அவளுடைய அம்மா தரையில் உட்கார்ந்து ஈரத்துணியால் அந்தக் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். இரவும் பகலும் அதுதான் வேலையாம்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். எங்களை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். கருவிழியில் புண் வந்து ஆறிப் பூ விழுந்துவிட்டது, இமைக்குத் தோல் ஒட்டலாம், பார்வை திரும்பாது என்றார். "இன்னும் முன்னாடி வந்திருக்கலாமே" என்றும் சொன்னார். அவர்மேல் தப்பில்லை. எல்லாரிடமும் சொல்வதுதான்.

உள்ளே வந்தபோது பேச்சியம்மாள் கேட்டாள். "எக்கா, நீங்கதான் எடுத்தியன்னு சொன்னாக. நான் நம்பல. யாரு எடுத்தது?"

சொன்னேன்.

"பெரிய சாரா?" என்றாள். நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. மற்றதிலிருந்தும் வந்தது. அதற்கு அழத் தெரிந்தது, பார்க்கத்தான் தெரியவில்லை.

மில் வாசல்

நாடகக் குழு கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். பணம்தான் வந்துவிட்டதே, இனி எதற்குப் பேச்சு, குடும்பஸ்தர், பையன் படிக்கிறான், மில் பேர் கெடும் என்றார்கள். எனக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துத் தருவதாகவும் ஒருவர் சொன்னார்.

"நான் திருடலன்னு மைக்குல சொல்லுங்க," என்றேன்.

"அதெப்படிம்மா? சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்களே."

மறுநாள் பகல் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு மில் வாசலுக்குப் போனேன். எதிரே டீக்கடை பெஞ்சின்மேல் ஏறி நின்றேன். சங்கு ஊதியது. தலையெல்லாம் பஞ்சு ஒட்டிய பெண்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். கரண்டு போன மேடையில், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வசனம் பேசிப் பழகியவள் நான். எனக்கு மைக் தேவைப்படவில்லை.

"பேச்சியம்மாளுக்கு நீங்க வீடு வீடாப் போயி சேத்த பணத்த எடுத்தது நானில்ல! தர்மலிங்கம்! அவ கண்ணு போயிருச்சு! கேட்டியளா, கண்ணு போயிருச்சு!"

சைக்கிள்கள் நின்றன. ஒரு பெண் முன்னால் வந்தாள். "நெசமாவா?"

"நெசந்தான்," என்றார் காதர் அண்ணன். என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அந்த மில்லின் மைக் செட் வாடகை இனி அவருக்குக் கிடையாது என்று தெரிந்துதான் நின்றார்.

பெண்கள் கேட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த ஷிப்ட் உள்ளே போகவில்லை. மேனேஜர் வந்தார், மிரட்டினார், கெஞ்சினார். கடைசியில் தர்மலிங்கத்தைக் கூட்டிவந்தார்கள். அவர் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல!" என்றது கூட்டம்.

"நான்தான் எடுத்தேன்."

"கேக்கல! இன்ஸ்பெக்டர் சத்தத்துல சொல்லும்!"

சொன்னார்.

இதோடு கதை முடிந்து, நல்லவர்கள் வாழ்ந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நாடகமென்றால் அப்படித்தான் திரை விழும். நடந்தது வேறு. தர்மலிங்கத்தைப் பக்கத்து யூனிட்டுக்கு மாற்றினார்கள், பிறகு அங்கேயே பெரிய பதவி கொடுத்தார்கள். பையன் இஞ்சினியர் ஆனான். 'வாசலில் நின்று கத்துகிற பொம்பளை' என்று இரண்டு ஊரிலும் எந்தக் குழுவும் என்னைக் கூப்பிடவில்லை. திருடி என்ற பேர் போய் அந்தப் பேர் வந்தது. ஜாக்கெட் தைத்துத்தான் மகளைப் படிக்கவைத்தேன்.

புதுப்பட்டியில்

தொண்ணூறுகளில் ஒரு கோடைக்காலம். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன், வாசலில் முத்துலட்சுமி நிற்கிறாள். கை மொட்டையாக இருந்தது. அதன்பிறகு அவள் வளையல் போட்டதே இல்லையாம்.

தர்மலிங்கத்துக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சியம்மாளைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாளெல்லாம் குழறிக்கொண்டிருக்கிறாராம். வழி காட்ட நான் வர வேண்டும்.

அவருக்காகப் போயிருக்கமாட்டேன். அவளுக்காகப் போனேன்.

பேச்சியம்மாள் தம்பியோடு சேர்ந்து நிலம் குத்தகைக்கு எடுத்து வெண்டை போட்டிருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். இடது கண் வெள்ளையாக இருந்தது. முத்துலட்சுமி யாரென்று சொன்னதும் அவள் முகம் மாறவில்லை. வேப்ப மரத்தடியில் உட்காரவைத்து மோர் கொண்டுவந்தாள்.

"தாயி, அவிய கிடையாக் கெடக்காக," என்றாள் முத்துலட்சுமி. "ஒன்னப் பாத்து ஒரு வார்த்தை கேட்டாத்தான் உசுரு அடங்கும்போல. ஒரு எட்டு வந்துட்டுப் போயிரும்மா."

"மோரக் குடிங்கக்கா மொதல்ல."

குடித்தாள்.

"ஒங்கமேல எனக்கு ஒன்னும் கெடையாதுக்கா. எப்ப வேணும்னாலும் இங்க வாங்க. ஆனா நான் வரல."

"சாகப்போற மனுசன்..."

"அவிய மனசு லேசாகணும்னு நான் பஸ் ஏறணுமாக்கும்? நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப நல்லாத்தான நடமாடுனாக? அன்னைக்கு வந்து என் கண்ணப் பாத்துருக்கலாம்ல?" குரலை அவள் உயர்த்தவே இல்லை. நான் பெஞ்சில் ஏறிக் கத்தியதைவிட அது பலமாக இருந்தது. "இன்னைக்கு கெணத்துல எங்க மொற. தண்ணி பாச்சணும். இத விட்டா அடுத்த வாரந்தான்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டாள்.

திரும்பி வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, ராஜபாளையம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது முத்துலட்சுமி என் கையைப் பிடித்தாள்.

"கமலா, பேச்சியம்மா மன்னிச்சிட்டான்னு அவியட்ட சொல்லிரவா? சாகுற வேளைதான. யாருக்கு என்ன நட்டம்?"

"சொல்லாதியக்கா," என்றேன். "ஒரு பொய்யச் சொல்லித்தான் என்னக் கள்ளியாக்குனாரு. போகும்போதும் ஒரு பொய்ய வாங்கிட்டு நிம்மதியாப் போகணுமா? அந்தப் பிள்ள குடுக்காதத நீங்க எப்படி எடுத்துக் குடுப்பிய? அது அவளுது."

பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் இப்படிப் பேசியிருக்க வேண்டுமா என்று அன்றைக்கும் யோசித்தேன், இன்றைக்கும் யோசிக்கிறேன். வேறு விதமாகப் பேச வரவில்லை.

கொஞ்ச நாளில் அவர் போய்விட்டார். 'நேர்மையின் இலக்கணம்' என்று சுவரெல்லாம் போஸ்டர். தகவல் சொல்ல வந்த காதர் அண்ணன், முத்துலட்சுமி சொல்லியனுப்பியதையும் சொன்னார்.

"கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாராம் கமலா, பேச்சியம்மா என்ன சொன்னான்னு. 'அவ தண்ணி பாச்சப் போயிட்டா'ன்னு மட்டும் சொன்னேன்னு முத்துலட்சுமி ஒங்கிட்ட சொல்லச் சொல்லுச்சு."